முழுநாள் நிரலாக்கப் பட்டறையும் காலியான தட்டும்: மாநாடுகளில் நனிசைவ உணவுக்கு என்ன செய்கிறீர்கள்?

கேள்வி: கரும்பலகை

வணக்கம். தொடக்க நிலையினருக்கு நிரலாக்கம் கற்பிப்பது என் தொழில். ஆண்டுக்கு நான்கைந்து மாநாடுகளுக்குச் சென்று, முதன்மை அமர்வுகளுக்கு முந்தைய நாளில் நடைபெறும் முழுநாள் பயிற்சிப் பட்டறைகளை நடத்துகிறேன். பத்து மாதங்களுக்கு முன்பு நனிசைவத்துக்கு, அதாவது வீகன் உணவுமுறைக்கு மாறினேன். இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், வெண்ணெய், தேன் என்று விலங்குகளிடமிருந்து பெறப்படும் எதையும் உண்பதில்லை. பாலுக்காக வளர்க்கப்படும் விலங்குகள் படும் பாட்டைத் தெரிந்துகொண்ட பிறகு எடுத்த முடிவு அது. பின்வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. வீட்டில் சமைத்து உண்ணும் நாட்களில் எந்தச் சிரமமும் இல்லை. மாநாட்டுக்குப் புறப்பட்டால்தான் தடுமாறிப்போகிறேன்.

சென்ற மாதம் நடந்ததைச் சொன்னால் என் சிக்கல் விளங்கும். பதிவுப் படிவத்தில் ‘வீகன்’ என்று குறித்திருந்தேன். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய பட்டறையைப் பன்னிரண்டரை மணிக்கு உணவு இடைவேளைக்காக நிறுத்தினேன். இடைவேளை ஒரு மணி நேரம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் ஆசிரியருக்கு முழுதாகக் கிடைப்பதில்லை என்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்ததே. ஆறேழு பேர் மடிக்கணினியைத் திறந்தபடியே என் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவருக்கு மென்பொருள் நிறுவல் பாதியில் நின்றிருந்தது, இன்னொருவருக்கு உள்தள்ளல் பிழை, வேறொருவர் தம் அலுவலகக் கோப்பையே கொண்டுவந்து அதை நிரலில் திறக்க வழி கேட்டார். எல்லோரையும் கவனித்து அனுப்பிவிட்டு உணவுக்கூடத்துக்குப் போனபோது பன்னிரண்டு நிமிடங்களே மீதமிருந்தன. வீகன் என்று சீட்டு வைத்திருந்த பாத்திரம் வழித்துத் துடைத்ததுபோல் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த காய்கறிக் கலவையின்மேல் பாலாடைக்கட்டியைத் துருவித் தூவியிருந்தார்கள். சூப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ‘காய்கறிதான்’ என்றார் பரிமாறியவர். எந்தச் சாற்றில் அதை வேகவைத்தார்கள் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. சில கீரை இலைகளையும் ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் தின்றுவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன்.

மூன்றரை மணியளவில், திரையில் நேரடியாக நிரல் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஒப்பிட வேண்டிய இடத்தில் இரட்டைச் சமக்குறிக்குப் பதிலாக ஒற்றைச் சமக்குறியைப் போட்டுவிட்டு, பிழைச்செய்தி கண்ணெதிரே இருந்தும் இரண்டு நிமிடம் விழித்துக்கொண்டு நின்றேன். அது போகட்டும், ஆசிரியர் பிழை செய்து திருத்துவதைப் பார்ப்பதும் மாணவர்களுக்கு ஒரு பாடம்தான். அதற்குச் சற்று நேரம் கழித்து, முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, மடக்கு (கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல்பகுதி) ஒவ்வொரு முறை சுற்றும்போதும் மாறியின் (மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயரின்) மதிப்பு ஏன் மாறுகிறது என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். ‘இதைத்தானே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்’ என்று எரிச்சலோடு சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. ‘சரி, சரி’ என்று சொல்லிவிட்டுக் குறிப்பேட்டைப் பார்க்கத் தொடங்கியவர், மாலைவரை வேறொரு கேள்வியும் கேட்கவில்லை. என்னுடைய பசிக்காக ஒரு புதிய மாணவரின் வாயை அடைத்துவிட்டேன் என்பது இன்றுவரை உறுத்துகிறது.

கற்பிக்கும் நாளில் உணவை எப்படித் திட்டமிடுகிறீர்கள்? ஏற்பாட்டாளர்களிடம் எந்த அளவுக்குக் கேட்பது முறை? நான் பட்டறை நடத்துபவள் என்பதைச் சொல்லித் தனியாக எதையாவது கேட்டால், சலுகை எதிர்பார்ப்பதாக நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: அரைப்புள்ளி

பன்னிரண்டு ஆண்டுகளாக நனிசைவராக இருந்துகொண்டு நானும் இதே வேலையைச் செய்துவருகிறேன். உங்கள் பதிவில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. பாத்திரம் காலியானது ஒன்று. நாற்பத்தெட்டு நிமிடம் கழித்து நீங்கள் அதன் அருகே போனது மற்றொன்று. இரண்டாவதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

1998இல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் தொடங்கிய, ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி பட்டறைகளில், ஒவ்வொரு மாணவருக்கும் இரு நிறங்களில் ஒட்டுத்தாள் கொடுப்பார்கள். பயிற்சியை முடித்தவர் ஒரு நிறத்தையும், உதவி தேவைப்படுபவர் மற்ற நிறத்தையும் மடிக்கணினியின் மேல்விளிம்பில் ஒட்டிக்கொள்வார். இடைவேளைக்குச் சற்று முன்பு அதே தாள்களில், கற்றுக்கொண்ட ஒன்றையும் குழப்பமாக உள்ள ஒன்றையும் எழுதித் தரச் சொல்வார்கள். இந்த வழக்கத்தை நான் எடுத்துக்கொண்டது கற்பித்தலுக்காகத்தான் என்றாலும், என் மதிய உணவைக் காப்பாற்றிக் கொடுத்ததும் அதுவே. பன்னிரண்டு இருபதுக்கே தாள்களை எழுதச் சொல்லிவிடுகிறேன். கதவருகே ஒட்டச் செய்துவிட்டு, ‘இவற்றுக்கெல்லாம் உணவுக்குப் பிறகு முதல் கால் மணி நேரத்தில் விடை சொல்கிறேன்’ என்று அறிவித்துவிட்டு, மாணவர்களோடு சேர்ந்தே நானும் எழுந்து போகிறேன். ஒருவரும் மனவருத்தம் கொண்டதில்லை. ஆறு பேருடைய குழப்பம் பெரும்பாலும் இரண்டே குழப்பங்களாகச் சுருங்கிவிடும் என்பதும், மேசையருகே தனித்தனியாகச் சொல்லியிருந்தால் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்பதும் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது தெரியவந்தது. நிறுவல் சிக்கல்களை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கென்று பட்டறைக்கு முன்னால் அரை மணி நேரம் அறையைத் திறந்துவைத்து, உதவியாளர் ஒருவரை உட்கார வையுங்கள்.

இன்னொன்று: உணவுக்குப் பிந்தைய முதல் பயிற்சியாகத் திரையில் எழுதிக் காட்டுவதை வைத்துக்கொள்ளாதீர்கள். டேல் பார்சன்ஸும் பாட்ரிசியா ஹேடனும் 2006இல் அறிமுகப்படுத்திய பார்சன்ஸ் புதிர்களை, அதாவது நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்துச் சரியான வரிசையில் அடுக்கச் சொல்லும் பயிற்சியை அந்த நேரத்துக்கு ஒதுக்குகிறேன். இருவர் இருவராகப் பேசி அடுக்குவார்கள். அறையில் தூக்கம் கலையும். உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். மடக்கைப் பற்றிய அந்தப் பெண்மணியின் கேள்விக்கும் இதுவே ஏற்ற வழியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே விளக்கத்தை மூன்றாம் முறை கேட்பதைவிட, வரிகளைக் கையால் நகர்த்திப் பார்ப்பது மேல்.

உணவுக்கு வருகிறேன். கற்பிக்கும் நாளில் உறுதியாக உங்கள் வசம் இருப்பது காலை உணவு ஒன்றுதான். அதை மதிய உணவைப்போல் கனமாக உண்ணுங்கள். விடுதி அறையில் வெந்நீர்க் கெண்டி இருந்தால் ஓட்ஸும் கூஸ்கூஸும் (கோதுமை ரவையாலான சிறுமணிகள்) அடுப்பில்லாமலே ஆயத்தமாகிவிடும்; கூஸ்கூஸ் மேல் கொதிநீரை ஊற்றி மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். வறுத்த கொண்டைக்கடலை, பாதாம், நிலக்கடலை ஆகியவை என் பையில் எப்போதும் இருக்கும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பல நாடுகளின் பாதுகாப்புச் சோதனையில் கடலை வெண்ணெயும் கொண்டைக்கடலை மசியலும் திரவக் கணக்கில் சேர்ந்துவிடும், 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டி என்றால் எடுத்துவிடுவார்கள். இன்னொரு நாட்டில் இறங்கும்போது புதிய பழங்களுக்குத் தடை இருக்கலாம். சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

விமான உணவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டிய குறியீடு விஜிஎம்எல். விஎல்எம்எல் என்பதில் பாலும் முட்டையும் வரும். ஏவிஎம்எல் என்பதில் பால் பொருட்கள் இருக்கும். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு பதிவு செய்ய வேண்டும். சில நிறுவனங்கள் அதைவிட முன்னதாகவே கேட்கின்றன. விமானம் தவறி வேறொன்றில் மாற்றிக்கொடுத்தால் உங்கள் உணவுக் கோரிக்கை கூடவே வரும் என்று நம்பியிருக்காதீர்கள்.

மறுமொழி 2: வரவேற்பு மேசை

நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். சில நூறு பேர் கூடும் தொழில்நுட்ப மாநாடு ஒன்றின் ஏற்பாட்டுக் குழுவில் உணவுப் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் தயங்க வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இடைஞ்சல் தருவது முன்கூட்டி வரும் கோரிக்கை அன்று. உணவு நேரத்தில் பசியோடு வந்து நிற்கும் ஒருவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போவதே எங்களை வருத்தும்.

உங்கள் படிவக் குறிப்புக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே கேட்பது என்பது விளங்கும். நீங்கள் ‘வீகன்’ என்று தேர்ந்தெடுத்தது விரிதாளில் ஒரு வரிசையாகிறது. மாநாட்டுக்கு ஒன்றிரண்டு வாரங்களுக்கு முன்பு அந்த விரிதாளிலிருந்து வெறும் எண்ணிக்கை மட்டும் சமையல் ஒப்பந்தக்காரருக்குப் போகிறது: இத்தனை பேர் சைவம், இத்தனை பேர் வீகன் என்று. அந்த இடத்தில் உங்கள் பெயர் உதிர்ந்துவிடுகிறது. சமைப்பவர் பன்னிரண்டு பேருக்கு வீகன் உணவு செய்து அனுப்புகிறார். பொது மேசையில் அது பார்க்க நன்றாக இருப்பதால், வரிசையில் முன்னால் வந்த நாற்பது பேர் ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொள்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அது உங்களுக்கென்று வைத்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் பாத்திரம் காலியானதும் இப்படித்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

எனவே எண்ணிக்கை போவதற்கு முன்பே, படிவத்தோடு நிற்காமல், மின்னஞ்சல் ஒன்று எழுதுங்கள். பட்டறை நடத்துபவர் என்பதையும் எந்த அறையில், எந்த நேரத்தில் என்பதையும் சொல்லி, உங்கள் பங்கைப் பெயர் எழுதிய பெட்டியில் தனியாக எடுத்துவைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு பெட்டியைத் தனியே வைப்பது எங்களுக்கு ஐந்து நிமிட வேலை. நீங்கள் சாப்பிட்டிருந்தால் நாற்பது பேருக்கு அன்றைய பிற்பகல் நல்லபடியாகக் கழியும் என்பதால் அதைச் சலுகை என்று நாங்கள் எண்ணுவதில்லை. ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்று பார்ப்பதைப் போன்றதுதான் இதுவும்.

எழுதும்போது எதை உண்ண மாட்டீர்கள் என்று மட்டும் எழுதாமல், எதை உண்பீர்கள் என்றும் எழுதுங்கள். விலக்குப் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்ட சமையல்காரர், வழக்கமான உணவிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போவார்; கடைசியில் மிஞ்சுவது நீங்கள் தின்ற அந்தக் கீரை இலைதான். ‘பயறு, கொண்டைக்கடலை, பீன்ஸ், டோஃபு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கட்டும்’ என்ற ஒரே வாக்கியம் தட்டில் புரதத்தைக் கொண்டுவந்துவிடும். இதை எங்கள் ஒப்பந்தக்காரரின் தலைமைச் சமையல்காரரே என்னிடம் சொன்னார். ‘என்ன வேண்டாம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள், என்ன சமைப்பது என்று எனக்கு யாரும் சொல்வதில்லை’ என்றார்.

பொருட்பட்டியலைக் கேட்டு வாங்குவதும் உங்கள் உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் 13 முதல், 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலை உணவு வழங்குவோர் தந்தாக வேண்டும். அவற்றில் பால், முட்டை, மீன், ஓட்டுடலிகள், மெல்லுடலிகள் என்று ஐந்து விலங்குவழிப் பொருட்கள் அடங்கும். அத்தகைய அட்டை மேசையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பாதிதான், ஏனென்றால் இறைச்சியும் தேனும் அந்தப் பதினான்கில் இல்லை. கோழிச் சாற்றில் வேகவைத்த சூப்பு அந்த அட்டையின்படி குற்றமற்றதாகவே தோன்றக்கூடும். ‘பால் இல்லை’ என்ற சீட்டும் வீகன் என்று பொருள்படாது.

எங்கள் தரப்பில் நேர்ந்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டில் எங்கள் படிவத்தில் உணவுக்கு ஒரே ஒரு விடையைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. நனிசைவரான ஒருவருக்குப் பாதாம், முந்திரி வகைகளும் ஆகாது. அவர் ‘வீகன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். மற்றதைச் சொல்லப் படிவத்தில் இடமே இல்லை. அன்று வீகன் உணவில் முந்திரி அரைத்த குழம்பு வைத்திருந்தோம். அவர் முதல் நாளே மின்னஞ்சலில் கேட்டதால் தப்பித்தோம். அந்தப் படிவத்தை வடிவமைத்தவன் நான். இப்போது பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வசதியும், விரும்பியதை எழுத ஒரு பெட்டியும், மாநாடு முடிந்ததும் அந்த விவரங்களை அழித்துவிடும் ஒழுங்கும் வைத்திருக்கிறோம். ஒருவர் என்ன உண்கிறார் என்பதிலிருந்து அவருடைய உடல்நிலையையும் சமயத்தையும்கூட ஊகித்துவிடலாம்; அது எங்களிடம் தேவைக்கு மேல் ஒரு நாளும் இருக்கக் கூடாது.

மறுமொழி 3: வெற்றுக்கணம்

மேலே சொன்ன படிவக் கதையைப் படித்ததும் எழுதத் தோன்றியது, ஏனெனில் இரண்டு ஆண்டுகளாக நான் வகுப்பில் நடத்தும் பயிற்சி ஏறக்குறைய அதுவேதான். கரும்பலகை அவர்களே, உங்கள் சிக்கலை ஒரு பிற்பகல் பாடமாக்கிவிடலாம். மாணவர்களுக்குத் தரவு வடிவமைப்பை இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

‘விருந்தினர் இந்த உணவை உண்ணலாமா’ என்று சொல்லும் ஒரு செயற்கூறை, அதாவது ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல்துண்டை எழுதச் சொல்வேன். முதலில் எல்லோரும் உண்மை, பொய் என்ற பூலியன் மதிப்பில் தொடங்குவார்கள்: வீகனா, இல்லையா. விலங்குவழிப் பொருட்களில் பாலை மட்டும் சேர்த்துக்கொள்பவர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டதும் அதைச் சரமாக, அதாவது எழுத்துத்தொடராக மாற்றி ‘வீகன்’, ‘சைவம்’ என்று எழுதுவார்கள். அப்போது சைவத்தைத் தேர்ந்தவர் வீகன் உணவை உண்ணலாம், வீகனைத் தேர்ந்தவர் சைவ உணவை உண்ணக் கூடாது என்ற ஒருதலை உறவு குறுக்கே வந்து நிற்கும். அதற்கு நிபந்தனைக்கூற்றுகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். கொட்டைகள் ஆகாத நனிசைவரை நான் கொண்டுவரும் வரைக்கும்தான் அந்தக் கட்டடம் நிற்கும். அதன் பிறகு யாராவது ஒருவர், நான் வாய் திறக்காமலே, உணவுக்குப் பொருட்களின் கணம், மனிதருக்கு விலக்கியவற்றின் கணம், இரண்டும் வெட்டாக் கணங்களாக, அதாவது பொது உறுப்பு இல்லாதவையாக இருந்தால் உண்ணலாம் என்ற இடத்துக்கு வந்து சேர்வார். பைத்தான் நிரல்மொழியில் அது ஒற்றை வரி. இருபது வரி நிபந்தனைகள் ஒரு வரியாகச் சுருங்கும்போது வகுப்பில் எழும் அந்தச் சலசலப்புக்காகவே இதை மீண்டும் மீண்டும் நடத்தலாம்.

பாடத்தின் உயிர் அதற்குப் பின்னால்தான் வருகிறது. பொருட்பட்டியலே தராத ஓர் உணவை, அதாவது சீட்டில்லாத பாத்திரத்தைத் தரவில் சேர்க்கச் சொல்வேன். அநேகமாக எல்லோரும் அதற்கு வெற்றுக் கணத்தைக் கொடுப்பார்கள். வெற்றுக் கணத்துக்கும் எந்தக் கணத்துக்கும் பொது உறுப்பு இருக்க முடியாது. ஆகவே நிரல், ‘இதை அனைவரும் உண்ணலாம்’ என்று அறிவிக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. நிரல் ஒழுங்காக ஓடும். சொல்லும் விடைதான் ஆபத்தானது. கடந்த முறை ஒரு மாணவி திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் இல்லை என்பதும் ஒன்றும் தெரியவில்லை என்பதும் வேறு வேறு’ என்றார். அன்றுமுதல் அவர்கள் யாரும் ‘நன்’ (None), அதாவது மதிப்பு எதுவும் தரப்படவில்லை என்பதைக் குறிக்கும் பைத்தான் மதிப்பை அலட்சியமாகக் கையாண்டு நான் பார்க்கவில்லை.

நேரம் மிஞ்சினால் இன்னும் ஒரு படி போகலாம். ‘வூஸ்டர்ஷயர் சாஸ்’ என்று ஒரு பொருளைக் கொடுங்கள். பெயரில் மீன் இல்லை. ஆனால் வழக்கமான செய்முறையில் நெத்திலி இருக்கிறது. அடுக்கு மாவு (பஃப் பேஸ்ட்ரி) என்றால் அதற்குள் வெண்ணெய் இருக்கலாம். ஜெல்லி மிட்டாய்க்குள் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுத்த ஜெலட்டின். பொருளுக்குள் பொருள், அதற்குள்ளும் பொருள் என்று இறங்கித் தேடத் தற்சுழற்சி, அதாவது செயற்கூறு தன்னையே மீண்டும் அழைக்கும் முறை தேவைப்படும். தற்சுழற்சிக்கு எண்களின் தொடர்பெருக்கத்தையே காலங்காலமாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அதை ஏன் கற்கிறோம் என்று கேட்ட மாணவர்கள், சாஸுக்குள் மீனைத் தேடும்போது அப்படிக் கேட்பதில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. மாணவர்களின் சொந்த உணவுப் பழக்கத்தைத் தரவாகக் கேட்காதீர்கள். கற்பனை விருந்தினர்களை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நனிசைவம் நல்லதா என்ற விவாதத்துக்கும் அந்த அறையில் இடம் கொடுக்காதீர்கள். அவர்கள் நிரலாக்கம் கற்க வந்தவர்கள்.

மறுமொழி 4: இரண்டாம் கிண்ணம்

சுருக்கமாக இரண்டு செய்திகள்.

பயணத்தில் முதலில் மறந்துபோவது வைட்டமின் பி12. நம்பத்தக்க அளவில் அது தாவர உணவுகளிலிருந்து கிடைப்பதில்லை என்பதால், செறிவூட்டப்பட்ட உணவையோ மாத்திரையையோ நாம் சார்ந்திருக்கிறோம். பிரிட்டனின் வீகன் சொசைட்டி மூன்று வழிகளைச் சொல்கிறது: செறிவூட்டிய உணவுகளிலிருந்து நாளுக்குக் குறைந்தது 3 மைக்ரோகிராம், அல்லது நாள்தோறும் குறைந்தது 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்கு ஒருமுறை குறைந்தது 2000 மைக்ரோகிராம். அடிக்கடி ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை என்பது வசதியாக இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள்.

மற்றது மனத்தைப் பற்றியது. மாநாட்டு விருந்தில் ரொட்டியைத் தின்று முடித்த பிறகு அதில் வெண்ணெய் தடவியிருந்தது தெரியவரும். எனக்கு இரண்டு முறை அப்படி நேர்ந்தது. இரண்டாம் முறை, இனி இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிடும் அளவுக்கு மனம் சோர்ந்தேன். 1944இல் ‘வீகன்’ என்ற சொல்லை உருவாக்கிய அதே அமைப்பு தன் வரையறையில் ‘இயன்ற அளவுக்கு, நடைமுறைக்கு ஒத்த அளவுக்கு’ என்ற பொருள்படும் சொற்களைச் சேர்த்திருக்கிறது என்று அப்போது ஒரு நண்பர் எடுத்துக்காட்டினார். தெரியாமல் நேர்ந்ததற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வேளை உணவைக் கேட்டு உண்ணுங்கள்.

கரும்பலகை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. நேற்று முன்தினம் இன்னொரு பட்டறையை முடித்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்ததால் விவரத்தை எழுதுகிறேன்.

பன்னிரண்டு இருபதுக்கு ஒட்டுத்தாள்களை எழுதச் சொன்னேன். இருபத்திரண்டு தாள்கள் வந்தன. அவற்றில் ஒன்பது, செயற்கூறு மதிப்பைத் திருப்பி அனுப்புவதற்கும் அதைத் திரையில் அச்சிடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியவை. அதை நான் காலையில் தெளிவாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உணவுக்கூடத்தில் என் பெயர் எழுதிய பெட்டி இருந்தது. பீன்ஸ், வறுத்த காய்கறி, ரொட்டி. உட்கார்ந்து, மென்று, முப்பத்தைந்து நிமிடம் சாப்பிட்டேன். பிற்பகலில் பார்சன்ஸ் புதிரோடு தொடங்கினேன். நான்கு மணிக்கு ஒருவர் ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டபோது, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் அருகில் உட்கார்ந்து, மாறியின் மதிப்பை ஒவ்வொரு சுற்றுக்கும் தாளில் எழுதிக் காட்ட முடிந்தது. நான்காம் சுற்றை அவரே எழுதினார்.

இரவு விருந்து மட்டும் சரிவரவில்லை. அதை வேறொரு குழு ஏற்பாடு செய்திருந்தது. என் மின்னஞ்சல் அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. அறைக்குத் திரும்பிக் கூஸ்கூஸும் கொண்டைக்கடலையும் சாப்பிட்டேன். சென்ற மாதத்து மாணவிக்கு, ஏற்பாட்டாளர்கள் வழியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அவர் கேட்டது நல்ல கேள்வி என்பதையும் நான் விடை சொன்ன விதம் தவறு என்பதையும் எழுதி, கேள்விக்கான விடையையும் படம் வரைந்து இணைத்திருக்கிறேன்.

நான் ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலை இங்கே தருகிறேன், வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்:

‘வணக்கம். முதல் நாள் முழுநாள் பட்டறையை நடத்துபவள் நான். பதிவுப் படிவத்தில் வீகன் என்று குறித்திருக்கிறேன். எனக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை. பயறு, பீன்ஸ், கொண்டைக்கடலை, டோஃபு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றும், காய்கறியும், சோறு அல்லது ரொட்டியும் இருந்தால் போதுமானது. பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை, தேன், இறைச்சிச் சாறு ஆகியவை வேண்டாம். பட்டறையில் இருந்து நான் வரத் தாமதமாகக்கூடும் என்பதால், என் பங்கைப் பெயர் எழுதித் தனியாக எடுத்துவைக்க இயலுமா? இயலாது என்றால் முன்கூட்டியே தெரிவித்தால் போதும், நானே கொண்டுவந்துவிடுவேன்.’

மறுமொழி 5: வரவேற்பு மேசை

நல்ல மின்னஞ்சல், ஒவ்வாமை இல்லை என்று எழுதியிருப்பது சமையல்காரருக்குப் பெரிய உதவி. இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘இரவு விருந்தை வேறு குழு கவனிப்பதானால் இம்மின்னஞ்சலை அவர்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அன்று உணவுக்கூடத்தில் நான் யாரைத் தேட வேண்டும்?’ இரண்டாவது வரிக்கு ஒரு பெயர் விடையாக வந்தால், உங்கள் பெட்டிக்குப் பொறுப்பான ஆள் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். பெயர் வராவிட்டால், மூன்று நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.